கணக்கு நோட்டு

முதலில் போனது லாட்ஜ் வைத்தியரிடம்.
ஒன்பதாம் தேதி கிருஷ்ணகிரி, பத்தாம் தேதி தர்மபுரி
என்று சுவரொட்டியில் இருந்தது.
இரண்டாம் மாடி, மின்விசிறி இல்லாத அறை.
நாடியைப் பிடித்தபடி
"எவ்வளவு விரயம் பண்ணியிருக்கே" என்றார்,
வட்டிக்கு விடுகிறவர் குரலில்.
லேகியம் எட்டாயிரத்து ஐந்நூறு.
கடன் செயலியில் எடுத்தேன்.
அதே செயலியில் ஏற்கெனவே பதினோராயிரம் இருந்தது,
நிமிடக் கணக்கில் பேசும்
முகமறியாத பெண்களுக்குக் கட்டியது.

ஊரில் இதற்கு இருந்த சொற்களெல்லாம் வசை.
மீதி, ஜோக்கு.

டோல்கேட்டில் நான் ஆறாம் வழி.
இரவு பத்திலிருந்து காலை ஆறு.
பாஸ்டேக் வந்தபின் ரசீது கிழிப்பதில்லை.
வண்டி வரும், கம்பம் எழும்,
கம்பம் இறங்கும்.
என் விரலைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை.
விரல் போனுக்குப் போனது.
ஆசைதான் என்று நினைத்திருந்தேன்.
முதல் வருடம் இருந்தது, ஆசை.
பிறகு எந்த நிறுத்தத்திலோ இறங்கிப்போய்விட்டது.
பேருந்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது,
உள்ளே விளக்கெல்லாம் எரிய.

மகன் தலையில் கைவைத்து ஒருமுறை சத்தியம் செய்தேன்.
பன்னிரண்டாம் நாள்
கழிவறைக் கதவைத் தாழிட்டபின்
அந்தக் கையைப் பார்த்தேன்.

கடன்காரன் போனில்தான் நாகவேணிக்குத் தெரிந்தது.
கத்தவில்லை. ராயக்கோட்டை மண்டிக்குத்
தக்காளிக் கூடைகளை ஏற்றிவிட்டு வந்து
"நீயா போறியா, நான் இழுத்துட்டுப் போகட்டுமா" என்றாள்.
எங்கே?
"பெரியாஸ்பத்திரி. மனசுக்குப் பாக்குற ரூம்."

ஓ.பி. வரிசையில் எனக்கு முன்னால்
தூக்கம் வராத ஒரு கல்குவாரிக்காரர்.
அவருக்கு முன்னால், கழுவிக் கழுவித்
தோல் உரிந்த கைகளோடு ஒரு கல்லூரிப் பெண்.
அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அழுக்கே இல்லை அதில்.

டாக்டரம்மா, சாப்பிட்டீங்களா என்பதுபோல் கேட்டார்:
"நிறுத்தணும்னு நினைச்சும் முடியாமப் போனது எவ்வளவு நாளா?
வேலை, வீடு, பணம், எது எது அடிபட்டுச்சு?
முடிச்சப்புறம் நல்லா இருக்கா?"
இல்லை என்றேன். ரொம்ப நாளாகவே இல்லை.
"ஆசை அதிகமா இருக்கிறவங்க எல்லாம் நோயாளி இல்லைங்க.
வெட்கப்படுறதாலயும் நோயாளி ஆகிட மாட்டாங்க.
உங்களுக்கு பிரேக் பிடிக்கலை. அதுக்கு வைத்தியம் இருக்கு."
லேகியத்தை வாங்கி முகர்ந்தார்.
"வெல்லம்" என்றார்.

நோட்டு போடச் சொன்னார்.
நேரம், இடம், அதற்கு முன்னால் என்ன நடந்தது.
எண்ணுவது எனக்குத் தெரிந்த தொழில்.

செவ்வாய், 2.40. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினான்.
வியாழன், 3.15. அப்பாவின் டயாலிசிஸ் தள்ளிப்போனது.
வெள்ளி, வரவில்லை. மாம்பழ லாரி கவிழ்ந்து
விடியும்வரை எல்லாரும் ரோட்டில்.
ஞாயிறு, 1.50. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே.

நான்கு வாரப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு பெண்ணும் இல்லை அதில்.

நோயாம் என்று நாகவேணியிடம் சொன்னேன்.
"சரி, நோய். சர்க்கரைக்காரன் லட்டு திருடினாலும்
திட்டத்தான் செய்வேன்" என்றாள்.
அடுத்த ஓ.பி. தேதியை
காலண்டரில் வட்டமிட்டு வைத்திருப்பதும் அவள்தான்.
படுக்கை இன்னும் தனித்தனி.
கடன் இன்னும் ஆறு தவணை.

நேற்று 2.20-க்கு வந்தது.
போன் லாக்கரில்.
சாவி ஐந்தாம் வழி இம்தியாஸிடம்;
ஏன் என்று அவன் கேட்டதில்லை.
நெஞ்சில் ஏறி, தொண்டையில் நின்று,
பதினெட்டு நிமிடம் இருந்தது.
பெங்களூருக்குப் போகும் வண்டிகளை எண்ணினேன்.
நாற்பத்து மூன்றாவது, ஒரு கன்டெய்னர்.
கம்பம் எழவில்லை.
டிரைவர் தலையை நீட்டி,
"அண்ணா, கையால தூக்கி விடுங்க" என்றான்.
எழுந்துபோய்த் தூக்கினேன்.

நோட்டில் அதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.